சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான மையங்கள்: நடத்துவோர் சரிபார்க்க வேண்டிய பதிவுகளும் விதிகளும்

தாமான் வீட்டின் முன்கூடம், கோயில் மண்டபத்தின் பக்கவாட்டு அறை, தோட்டத்துப் பழைய பாலர்பள்ளிக் கட்டடம். நம் சமூகத்தில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான மையங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. தன் பிள்ளைக்கு இடம் கிடைக்காத ஒரு தாய் தொடங்கியிருப்பார். அல்லது ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரோ ஆலய இளைஞர் குழுவோ முன்வந்திருப்பார்கள்.

நல்ல மனத்துடன் தொடங்கிய மையமாக இருந்தாலும் பதிவும் ஆவணமும் சரியாக இல்லாவிட்டால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். மையம் திடீரென மூடப்படலாம், பெற்றோரின் வரிக்கழிவு மறுக்கப்படலாம், பள்ளிச் சேர்க்கை தள்ளிப்போகலாம். கடந்த சில ஆண்டுகளில் விதிகள் பலவும் மாறியுள்ளன. மலேசியாவில் இத்தகைய சேவை வழங்குவோர் இப்போது கவனிக்க வேண்டியவற்றைக் கீழே தொகுத்துள்ளோம்.

நான்கு பேர் என்ற கணக்கு

பராமரிப்பு மையங்களைக் கட்டுப்படுத்துவது 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம் (சட்டம் 506). நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம் தங்கும் மையமாகக் கருதப்படும். பகல்நேரத்தில் நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை, நாளொன்றுக்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் பார்த்துக்கொண்டால் அது பகல்நேரப் பராமரிப்பு மையம். இரண்டும் சமூகநல இலாகாவிடம் (ஜே.கே.எம்.) பதிவு பெற வேண்டும்.

இங்கே பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. "நாங்கள் காசு வாங்குவதில்லை, சேவையாகச் செய்கிறோம், எங்களுக்குப் பதிவு தேவையில்லை" என்பார்கள். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சட்டம் பொருந்தும் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது.

எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவும் சங்கப் பதிவிலாகாவின் பதிவும் இதற்கு மாற்றாகா. அவை நிறுவனத்துக்கோ சங்கத்துக்கோ உரியவை. பிள்ளைகளைப் பராமரிக்கும் இடத்துக்கான அனுமதி தனியாகப் பெற வேண்டியது.

நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகள் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் அது 'தஸ்கா' ஆகும். அதற்கு 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் (சட்டம் 308) பொருந்தும்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஊராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புப் படை (பொம்பா), சுகாதார இலாகா ஆகியவற்றின் ஆதரவும் தேவைப்படும். வாடகை வீட்டில் மையம் தொடங்க எண்ணுவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மாவட்ட ஜே.கே.எம். அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. வீட்டைப் புதுப்பித்துச் செலவு செய்தபின், அவசர வழி இல்லை என்று பொம்பா மறுத்தால் போன பணம் திரும்பாது. ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் சான்றிதழின் காலாவதித் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

சிகிச்சை கொடுப்பவர் யார்?

பேச்சுப் பயிற்சி, தொழில்முறைச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி), பிசியோதெரபி ஆகியவற்றை வழங்குவோர் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்தச் சட்டம் 2020இல் அமலுக்கு வந்தது. குறுகிய காலப் பயிற்சி முடித்த ஓர் உதவியாளரை 'தெரபிஸ்ட்' என்று விளம்பரப்படுத்துவது இனி சிறிய விஷயமல்ல. உதவியாளர் பிள்ளையுடன் விளையாடலாம், சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தொடர்ந்து செய்விக்கலாம். மதிப்பீடும் சிகிச்சைத் திட்டமும் பதிவு பெற்றவரின் கையெழுத்துடன் இருக்க வேண்டும்.

இது பெற்றோரின் பணத்தையும் தொடுகிறது. 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையின் கற்றல் குறைபாட்டை மதிப்பிடுதல், ஆரம்பக்கட்டப் பயிற்சி, மறுவாழ்வுச் சிகிச்சை ஆகிய செலவுகளுக்கு வருமான வரிக்கழிவு உண்டு. 2023 மதிப்பீட்டு ஆண்டில் 4,000 வெள்ளியாக இருந்த வரம்பு, 2025 மதிப்பீட்டு ஆண்டில் 6,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ஏ.டி.எச்.டி.), ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் இதில் அடங்கும்.

ஆனால் பிள்ளையின் நிலையை மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். பயிற்சியையும் சிகிச்சையையும் சட்டம் 774இன் கீழ்ப் பதிவு பெற்றவர் வழங்கியிருக்க வேண்டும். அவ்வாறில்லாத மையத்தின் ரசீதைக் கொண்டு வரிக்கழிவு கோரினால் வருமான வரி வாரியம் ஏற்காமல் போகலாம். ரசீதில் பிள்ளையின் பெயர், தேதி, சேவையின் வகை, சிகிச்சையாளரின் பெயர், பதிவு எண் ஆகிய ஐந்தும் இருக்கட்டும்.

ஓ.கே.யு. அட்டை: எங்கே தடைபடுகிறது?

மாற்றுத்திறனாளிகளை ஜே.கே.எம். ஏழு பிரிவுகளாகப் பதிவு செய்கிறது: செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு. நாம் பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கற்றல் பிரிவில் வருவார்கள். பதிவு கட்டாயமல்ல. ஆயினும் அட்டை இல்லாமல் பெரும்பாலான சலுகைகளைப் பெற முடியாது. ஜே.கே.எம். அலுவலகத்துக்கு நேரில் செல்லாமல் 'ஸ்மோக்கு' (எஸ்.எம்.ஓ.கே.யு.) இணைய அமைப்பின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். படிவத்தின் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்ப வேண்டும்.

தோட்டப்புறங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் தடை பல வேளைகளில் மருத்துவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஓ.கே.யு. அட்டை குடிமக்களுக்கு உரியது. பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை, பிறப்பு தாமதமாகப் பதிவானது, பிறப்புப் பத்திரத்தில் 'குடியுரிமை இல்லாதவர்' என்றிருக்கிறது என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு அட்டை கிடைப்பது எளிதல்ல. எனவே மையத்தில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும் முதல் நாளிலேயே பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். சிக்கல் இருந்தால், பிள்ளைக்கு 12 வயதாகி மைகார்ட் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடும்பத்தைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்பது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் தரும் தற்காலிகப் பெயர். பிள்ளை வளர்ந்ததும் மறுமதிப்பீடு செய்து, அது அறிவு வளர்ச்சிக் குறைபாடா, ஆட்டிசமா, வேறொன்றா என்று உறுதிசெய்ய வேண்டும். ஒன்பது, பத்து வயதிலும் பழைய கடிதத்தையே வைத்திருக்கும் பிள்ளை உங்கள் மையத்தில் இருந்தால், மறுமதிப்பீட்டை நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

பள்ளியும் பி.டி.கே. மையமும்

மையம் பள்ளிக்கு மாற்றாகிவிடக் கூடாது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் செயல்படுத்துகிறது. சிறப்புக்கல்விப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள் இயங்கும் ஒருங்கிணைப்புத் திட்டம் (பி.பி.கே.ஐ.), மற்றப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் படிக்கும் உள்ளடக்கக் கல்வி என மூன்று வழிகள் உள்ளன. சில தமிழ்ப்பள்ளிகளிலும் ஒருங்கிணைப்பு வகுப்புகள் உண்டு. உங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டு, பட்டியலை மையத்தின் சுவரில் ஒட்டிவையுங்கள். சிறப்புக்கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு.

ஜே.கே.எம். ஆதரவில் இயங்கும் சமூக மறுவாழ்வு மையங்களான பி.டி.கே.யும் மறக்கக்கூடாதவை. 1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் 55 பேருடன் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட மையங்களாக வளர்ந்திருக்கிறது. மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி தரும் முறையும் அதில் உண்டு. பேருந்து வசதி இல்லாத தோட்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. உங்கள் மையத்தில் இடமில்லை என்றால் "இடமில்லை" என்பதோடு நிறுத்தாமல் அருகிலுள்ள பி.டி.கே.யின் முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டில் பேசும் மொழி

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் வாய் திறக்காமல் இருக்கலாம். அது குறைபாட்டின் அளவா, மொழி புரியாமையா என்று மதிப்பீடு செய்பவருக்குத் தெரியாமல் போகும். தமிழில் சேவை வழங்கும் மையங்கள் இங்கே செய்யக்கூடிய உதவியை வேறு யாரும் செய்ய முடியாது. பிள்ளை தமிழில் எத்தனை சொற்கள் சொல்கிறது, எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்கிறது, பசித்தால் எப்படிக் கேட்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, மலாயிலும் சேர்த்து, மருத்துவமனைக்குச் செல்லும் தாயிடம் கொடுத்தனுப்புங்கள். "இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்வதைத் தவிர்க்கலாம். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ வருவதில்லை. தாய் நன்றாகப் பேசும் மொழியில்தான் பிள்ளையோடு அதிகம் பேச முடியும்.

சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள்

பேச இயலாத பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது. அதனால் இந்தப் பகுதியே மிக முக்கியமானது. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, ஊதியம் பெற்று ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் 'குழந்தைப் பராமரிப்பாளர்' ஆவார். பிள்ளை அடிக்கப்பட்டதாகவோ புறக்கணிக்கப்பட்டதாகவோ பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவோ நம்பத் தக்க காரணம் இருந்தால் அவர் உடனடியாகச் சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவரது விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல, கடமை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன் கீழ், குற்றம் பற்றி அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். 24 மணி நேரத் தாலியான் காசே எண் 15999.

"குடும்ப மானம்", "கோயில் பேர்", "மையத்தின் பேர்" என்று பேசி முடித்துவைப்பது அந்தப் பிள்ளையை மீண்டும் அதே கைகளில் ஒப்படைப்பதாகும். பிள்ளையின் உடலில் புதிய காயம் கண்டால் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். கழிவறைக்கு அழைத்துச் செல்வது, உடை மாற்றுவது ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

நன்கொடை திரட்டப் பிள்ளையின் படத்தையும் நோயின் பெயரையும் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடும் பழக்கமும் மாற வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல் மனநலத் தகவல்களை உணர்வுபூர்வமான தரவாகவே வகைப்படுத்துகிறது. பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

18 வயதுக்குப் பிறகு

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் சட்டப்படி வயது வந்தவர். குழந்தைகள் சட்டத்தின் பாதுகாப்பு அத்துடன் முடியும். மேலே சொன்ன சிகிச்சைச் செலவுக் கழிவும் முடியும். ஆனால் திருமணமாகாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரிக்கழிவுக்கு வயது வரம்பில்லை. 2025 மதிப்பீட்டு ஆண்டில் அது 8,000 வெள்ளி. வேலை செய்யும் குறைந்த வருமான மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் ஜே.கே.எம். தனித்தனி மாத உதவிகளை வழங்குகிறது.

பல குடும்பங்கள் அறியாத ஒன்று சொக்சோ. சந்தா செலுத்திய தகப்பனாரோ தாயாரோ இறந்தால் கிடைக்கும் வாரிசு ஓய்வூதியத்தில் பிள்ளைகளின் பங்கு பொதுவாக 21 வயது வரைதான். குறைபாட்டால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அது 21 வயதோடு நின்றுவிடாது. "நாங்கள் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லுங்கள்.

அதைப் பெறுவதற்கும் பிள்ளையின் நிலையைக் காட்டும் மருத்துவ ஆவணங்கள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு: பிறப்புப் பத்திர நகல், ஓ.கே.யு. அட்டை, மருத்துவர் கடிதங்கள், மதிப்பீடுகள், ஆண்டுதோறும் முன்னேற்றக் குறிப்பு. மூல ஆவணங்கள் பெற்றோரிடமே இருக்கட்டும். பிள்ளை பள்ளிக்கோ வேறு மையத்துக்கோ போகும் நாளில் கோப்பின் நகலையும் கையில் கொடுத்தனுப்புங்கள். அப்போதுதான் அடுத்த இடத்தில் உள்ளவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.