ஊர்வலமும் பெஞ்சும்: பூலேயின் நாடகத்தோடு ஃபூகார்டை வாசித்தல்

அதால் ஃபூகார்டின் ‘மாஸ்டர் ஹாரல்ட்... அண்ட் த பாய்ஸ்’ 1982இல் அமெரிக்காவின் யேல் அரங்கில் முதலில் மேடையேறியது. கதை 1950இல், தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத் தேநீர் விடுதி ஒன்றில் நடக்கிறது. விடுதியை நடத்தும் வெள்ளைக்காரப் பெண்ணின் மகன் ஹாலி. அங்கு வேலை செய்யும் கறுப்பர்கள் சாமும் வில்லியும். குடிகாரத் தந்தையால் தலைகுனிந்து கிடந்த சிறுவன் ஹாலிக்கு ஒருநாள் சாம் பட்டம் செய்து கொடுத்துப் பறக்க வைக்கிறார். நூலைப் பெஞ்சில் கட்டி அவனை உட்காரவைத்துவிட்டு விலகிப் போகிறார். ஏன் போனார் என்பது ஹாலிக்கு வெகுகாலம் தெரியாது. அது வெள்ளையர் மட்டுமே உட்காரலாம் என்று ஒதுக்கப்பட்ட பெஞ்சு. நாடகத்தின் உச்சத்தில் ஹாலி, இனி தன்னை ‘மாஸ்டர் ஹாரல்ட்’ என்றே அழைக்க வேண்டும் என்கிறான்; சாமின் முகத்தில் துப்புகிறான். ஃபூகார்ட் தம் இளமையில் சாம் செமெலா என்பவரிடம் இதையே செய்தவர். அந்த வெட்கத்திலிருந்து பிறந்த நாடகம் இது.

பட்டம், பெஞ்சு என்று இதன் குறியீடுகளை வகுப்பில் விளக்குவது எளிது. நிறவெறி எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த கொடுமை என்ற நிம்மதியும் அந்த விளக்கத்தோடு சேர்ந்து மாணவருக்குள் இறங்கிவிடுகிறது. புனேயில் இதைப் படிப்பவருக்கு அந்த நிம்மதி கிடைக்கக் கூடாது. அந்த ஊரிலேயே 1855இல் எழுதப்பட்ட ஒரு நாடகம், இதே காயத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. ஜோதிராவ் பூலேயின் ‘திருதீய ரத்ன’ அது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். அதற்குச் சரியாக நூறாண்டு முன்பு, 1848இல், பூலே தம் பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் நடந்து சென்றார். தோட்டக்கார மாலி சாதியில் பிறந்தவன் எங்களுக்குச் சமமாக நடப்பதா என்று உறவினர்கள் அவரை இழிவுபடுத்தி விரட்டினார்கள். புனேயை ஆண்ட பிராமணப் பேஷ்வாக்களின் ஆட்சி முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது. ஹாலியின் ஊரில் பெஞ்சு செய்த வேலையைப் புனேயில் ஊர்வலம் செய்தது. தனி அறையில், பள்ளி வகுப்பில் நட்பு செல்லும். ஊரார் பார்க்கும் இடத்தில் செல்லாது.

அதன்பின் பூலே பிராமண நண்பர்களைத் துறக்கவில்லை. அதே ஆண்டு புனேயின் பிடேவாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியபோது சதாசிவ் பல்லால் கோவண்டே உள்ளிட்ட நண்பர்கள் துணை நின்றார்கள். பள்ளியை எதிர்த்த சமூகத்துக்கு அஞ்சிய தந்தை 1849இல் ஜோதிராவையும் அவர் மனைவி சாவித்திரிபாயையும் வீட்டைவிட்டு வெளியேற்றியபோது இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா ஷேக் சாவித்திரிபாயோடு பாடம் நடத்தினார். சாதியும் மதமும் கடந்த நட்பு இல்லாமல் அந்தப் பள்ளிகள் இல்லை.

ஆனால் பூலே எழுதிய நாடகத்தில் பிராமண நண்பர் யாருமே இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கதை எளியது. கர்ப்பிணியான குன்பி உழவர் பெண்ணிடம் ஒரு ஜோசியர் வருகிறார். வயிற்றுப் பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை என்று அச்சுறுத்திப் பரிகாரம் சொல்கிறார். பிராமணர்களுக்கு விருந்து, தட்சணை என்று செலவு ஏறி, குடும்பம் கடனில் மூழ்குகிறது. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல ஒரு விதூஷகன் குறுக்கே புகுந்து ஒவ்வொரு ஏமாற்றையும் உரித்துக் காட்டுகிறான். ஒரு பாதிரியார் அந்தத் தம்பதியோடு பேசுகிறார், வாதிடுகிறார். இறுதியில் கணவனும் மனைவியும் இரவுப் பள்ளிக்குப் போய்ப் படிப்பதென்று முடிவெடுக்கிறார்கள். தலைப்பு சொல்லும் ‘மூன்றாவது ரத்தினம்’ அந்தக் கல்விதான்.

நல்ல பிராமணர் ஒருவரை மேடையில் நிறுத்தியிருந்தால் பார்ப்பவரின் மனம் அவரிடம் ஆறுதல் தேடியிருக்கும். பூலே அந்த வாசலை அடைத்தார் என்பது என் வாசிப்பு. துப்பியவர் எழுதும்போது குறியீடு பட்டமாகிறது: இழந்த அன்பின் மீதான ஏக்கம். அவமதிக்கப்பட்டவர் எழுதும்போது பள்ளிக்கூடமாகிறது. ஃபூகார்டின் நேர்மையை இது குறைப்பதில்லை. அவருடைய நாடகம் யாருடைய துயரத்தை மையத்தில் வைக்கிறது என்பதைத் தெளிவாக்குகிறது. சாம் அந்தப் பெஞ்சிலிருந்து விலகி எங்கே போனார், அன்று மாலை என்ன நினைத்தார் என்பதை நாடகம் பின்தொடரவே இல்லை.

தமிழ் வாசகருக்கு இன்னொரு நினைவு வராமல் போகாது. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பூலேயின் நாடகத்தோடு பத்தாண்டுகூட இடைவெளி இல்லை. அதில் பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக பிராமண ஆண்டையிடம் அனுமதி கேட்டு மன்றாடுகிறார். கோயிலுக்குள் நுழையத் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது. குன்பி தம்பதி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நாடகம் எழுதப்பட்ட அதே 1855இல் பூலேயின் பள்ளி மாணவியும் எழுதினாள். மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மாங், மஹார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. பேஷ்வா பாஜிராவ் காலத்தில் தாலீம்கானாவின் (உடற்பயிற்சிக் கூடத்தின்) முன்னே நடந்துபோன மாங், மஹார் ஆட்களின் தலையை வெட்டி, குல்டேக்டி மைதானத்தில் பந்தாக வைத்து வாளால் அடித்து ஆடினார்கள் என்று அவள் எழுதுகிறாள். குல்டேக்டி இன்று புனேயின் பெரிய காய்கறிச் சந்தை உள்ள இடம். அந்தப் பெயரைத் தினமும் சொல்லும் ஊரில் நிறவெறியைத் தொலைதூரத்துப் பாடமாக நடத்த முடியாது.

கடலுக்கு அப்பாலுள்ளதோடு ஒப்பிடும் வேலையைப் பூலேயே தொடங்கிவைத்தார். 1873இல் வெளியான ‘குலாம்கிரி’யை (அடிமைத்தனம்), கறுப்பின அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்கு அவர் காணிக்கையாக்கினார். அந்நூலும் நாடக வடிவத்தை முழுக்க விடவில்லை. தோண்டிபா கேட்க, ஜோதிராவ் பதில் சொல்லும் உரையாடலாகவே நகர்கிறது. இங்கே நண்பராக வருபவர் தோண்டிபா, தன் ஐயங்களைக் கூச்சமின்றிக் கேட்பவராக. சாதியும் நிறமும் ஒன்றல்ல. பூலே கண்டது வேறு: அடிமைப்பட்டவரை அதுவே இயல்பு என்று நம்பவைக்கும் வழி இரண்டிலும் ஒன்றுதான். ஏறக்குறைய நூறாண்டு கழித்து 1972இல், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து மும்பையில் தலித் சிறுத்தைகள் பெயர் சூட்டிக்கொண்டதும் இதே தடத்தில்தான்.

அதே 1972 டிசம்பரில் விஜய் தெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ ஜப்பார் பட்டேல் இயக்கத்தில் புனேயில் அரங்கேறியது. மேடையில் வரிசையாக நின்ற பிராமணர்களின் மனிதச் சுவர் திறந்து மூடி, பேஷ்வா கால அதிகாரத்தைக் கண்முன் நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்ததும், அதை அரங்கேற்றிய அமைப்பு சில வாரங்களிலேயே நிறுத்திக்கொண்டது. நடித்தவர்கள் பிரிந்துவந்து தியேட்டர் அகாடமி தொடங்கி மீண்டும் ஆடினார்கள். இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்த ஊரில் புரோகிதரின் அதிகாரத்தை நேரே எதிர்த்த நாடகம் இருந்தது. ஆனால் அச்சில் இல்லை. 1855இல் பூலே அதைத் தட்சிணா பரிசுக் குழுவிடம் கொடுத்தார். கற்ற பிராமணர்களுக்குத் தட்சணை வழங்கப் பேஷ்வாக்கள் வைத்திருந்த நிதியிலிருந்து வந்த பரிசு அது. குழுவின் பிராமண உறுப்பினர்களால் தம் நூல் ஒதுக்கப்பட்டதென்று பூலே பின்னர் எழுதினார். நாடகம் அச்சேறியது 1979இல்.

அந்த 124 ஆண்டுகளில் மராட்டிய நாடக வரலாறு இது இல்லாமலே எழுதப்பட்டது: 1843இல் சாங்கிலியில் விஷ்ணுதாஸ் பாவேயின் ‘சீதா சுயம்வரம்’, பிறகு 1880இல் புனேயில் கிர்லோஸ்கரின் ‘சாகுந்தலம்’. புராணத்திலிருந்து சங்கீத நாடகத்துக்கு நீளும் இந்தக் கோட்டில், உழவர் வீட்டுக் கடனைப் பேசிய உரைநடை நாடகத்துக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ஃபூகார்டைப் பாடமாக வைக்கும் புனே வகுப்பறை ‘திருதீய ரத்ன’வையும் பக்கத்தில் வைக்கட்டும். பூலேயை முதலில் வாசித்துவிட்டு ஃபூகார்டுக்கு வரும் மாணவர், பட்டத்தை விட்டுவிட்டுச் சாம் போன திசையைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்பார்.