ஒரே கிளையில் ஒரு வருஷம்

என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குப் படம் என்றால் பார் சார்ட், பை சார்ட். அவ்வளவுதான். எந்தக் கிளை, எந்த மாதம், வைப்பு எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவு என்று நாலு விவரத்தை ஒரே தாளில் ஏற்றிப் பாருங்கள், மேலதிகாரிக்குத் தலை சுற்றும். இந்தச் சிக்கலை, எனக்கு மாற்றல் கிடைத்த இதே கொச்சியில், 1670-களில் செடிகொடிகளை வைத்துச் சிலர் அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். பார் சார்ட்டை பிளேஃபேர் என்பவர் அச்சில் கொண்டுவந்ததே 1786-ல்தான்!

புத்தகத்தின் பெயர் ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ். 'மலபார்த் தோட்டம்' என்று பொருள். 1670 முதல் 1677 வரை டச்சுக் கம்பெனியின் மலபார் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் எடுத்த காரியம் இது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 742 தாவரங்கள், ஏறக்குறைய 790 படங்கள். செடிகள் மேல் பாசம் மட்டும் காரணமில்லை. கம்பெனிக்கு முக்கியத் தளம் கொழும்பா கொச்சியா என்று வான் கூன்ஸோடு அவருக்கு இழுபறி. மலபார் மண்ணின் வளத்தைக் காட்டினால் கொச்சியின் கட்சி பலப்படும். (ஈழத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம் :-))

இனி படத்துக்கு வருவோம். ஒரு கிளையை எடுத்துக்கொள்கிறார்கள். அதிலேயே மொட்டு, விரிந்த பூ, காய், பழம் எல்லாம். நிஜத்தில் பெரும்பாலான மரங்களில் இவை ஒன்றாக இருக்காது. மாதங்கள் தள்ளித் தள்ளி வருபவை. ஆக அந்தக் கிளை ஒரு விதத்தில் பொய். ஆனால் அந்தப் பொய்யால்தான் 'காலம்' என்ற விவரம் தாளில் ஏறுகிறது. ஓரத்தில் பழத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே விதை இருக்கும் விதத்தைத் தனியாக வரைந்திருப்பார்கள். அது வெளியும் உள்ளும். இலையின் முதுகு தெரிய ஒன்றிரண்டு இலைகளைத் திருப்பியும் விடுவார்கள். புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கத்துக்கும் பரவும் பெரிய படங்கள் இவை.

அடுத்தது பெயர். மலையாளப் பெயரை ரோமன் எழுத்தில், மலையாள எழுத்தில், அரபி எழுத்தில். கொங்கணிப் பெயரை நாகரியில். படத்தின் மூலையிலேயே! மட்டாஞ்சேரிச் சந்துகளில் நடந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது, இந்த ஊரே அப்படித்தான். ரோமன் எழுத்தில் 'ட்ஸ்ஜாக-மரம்' என்று இருக்கும். சத்தமாகப் படியுங்கள். சக்க மரம், நம்ம பலா!

ஏறாத விவரமும் உண்டு. செப்புத்தகட்டு அச்சில் கறுப்பு மை மட்டும், நிறம் போயிற்று. வாசனையும் ருசியும் எப்படியும் வரையமுடியாது. அதையெல்லாம் பக்கத்தில் லத்தீனில் எழுதினார்கள். 1869-ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை ஒரே தாளில் வரைந்தார். கோட்டின் தடிமன் படையின் எண்ணிக்கை, நிறம் போனதா திரும்பியதா என்பதற்கு, கீழே குளிரின் அளவு. அவரும் ஒவ்வொரு விவரத்துக்கும் தாளில் ஒரு இடம் தேடியவர்தான். எனக்கென்னவோ மலபார்க் கிளைதான் ஒசத்தி. மினார் படத்துக்கு விளக்கம் படிக்க வேண்டும். இதை ஐந்து வயசுக் குழந்தையும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்.

எங்கள் தொழிலில் எந்தப் புள்ளிவிவரத்தின் கீழும் 'ஆதாரம்' என்று ஒரு வரி வேண்டும். இங்கே அந்த வரியைத் தந்தவர்கள் ஆதாரமாக இருந்தவர்களே. சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட். தாங்கள் சொன்ன விவரங்களுக்கு 1675 ஏப்ரலில் அவர்கள் எழுதிக்கொடுத்த சான்றிதழ்கள் முதல் தொகுதியில் அவரவர் கையெழுத்து வடிவிலேயே அச்சாகியிருக்கின்றன. அச்சுதனுடையது கோலெழுத்து, நம்ம வட்டெழுத்துக்குச் சொந்தக்காரன். காட்டில் திரிந்து கிளை பறித்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை.

1753-ல் லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது இந்தப் படங்களைப் பார்த்தே பலவற்றை அடையாளம் கண்டார். அந்தச் செடிகளை அவர் மலபாரில் கண்டதில்லை. பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல வருஷம் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் வெளியிட்டது. மலையாளத்தில் 2008-ல்.

மூலப் புத்தகத்தின் பக்கங்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளை உட்காரவைத்து முதல் தொகுதியைத் திறங்கள். ஆரம்பமே தென்னை. பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்: 'தெங்கா'.