வெளிச்சம் சேர்த்த தட்டு

1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸில், மருத்துவம் படித்த ஹென்றி டிரேப்பர் தம் 11 அங்குலத் தொலைநோக்கியை ஓரியன் ஒண்முகிலின் பக்கம் திருப்பினார். நம் திருவாதிரை மீன் இருக்கும் விண்மீன் கூட்டம்தான் ஓரியன். ஒரே கண்ணாடித் தட்டில் 51 நிமிடம் அதன் ஒளியை விழவிட்டார். ஓர் ஒண்முகில் படமாகப் பதிந்தது அதுவே முதல்முறை.

நிலவு அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே படத்தில் பிடிபட்டுவிட்டது; 1850-இல் அபிஜித் விண்மீனும் பிடிபட்டது. ஒண்முகில் மட்டும் ஏன் இத்தனை காலம் நழுவியது? அன்றைய தட்டை ஈரம் காயுமுன் எடுத்து முடிக்க வேண்டும். கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. மங்கலான அந்தப் புகைக்கு அது எந்த மூலைக்கும் போதாது. 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து பூசும் உலர்தட்டுக்கு வழி சொன்னார். பிறகு வந்தவர்கள் அதன் ஒளியுணர்வைக் கூட்டினார்கள். காய்ந்த தட்டுக்கு அவசரம் கிடையாது. நம் கண் நொடிக்கு நொடி பழைய ஒளியை விட்டுவிட்டுப் புதியதை வாங்குகிறது. தட்டோ உண்டியல்போல விழுந்ததையெல்லாம் சேர்த்துவைக்கிறது. வானைப் படமெடுக்கும் கலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஆனால் பூமி நிற்காதே! ஒரு நிமிடத்துக்குள் ஓரியன் நிலவின் பாதி அகலத்துக்கு நகர்ந்துவிடும். கடிகாரப் பொறியால் தொலைநோக்கியை அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது சற்றே பிசகினாலும் விண்மீன் கோடாகிவிடும். 1882 மார்ச்சில் டிரேப்பர் 137 நிமிடம் வரை போனார். அந்த நவம்பரில், 45 வயதில், இறந்துபோனார்.

அடுத்த ஜனவரியில் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்ற சுகாதாரப் பொறியாளர், வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குல ஆடியால் அதே ஒண்முகிலை 37 நிமிடம் எடுத்தார். ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டே தட்டை நகர்த்திச் சரிசெய்யும் சட்டம் அவர் ஏற்பாடு. கண்ணால் காண முடியாத விண்மீன்கள் அந்தப் படத்தில் இருந்தன. என்னைக் கேட்டால், இந்தக் கலை பிறந்தது டிரேப்பர் கையில். தன் பலத்தை அறிந்தது காமனிடம்.

டிரேப்பரின் மனைவி மேரி அன்னா, கணவர் நினைவாக ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் பணம் கொடுத்தார். அங்கே தட்டுகளை ஆராய்ந்த வில்லியமினா ஃபிளெமிங், 1888-இல் எடுத்த ஒரு தட்டில், ஒளிரும் முகிலை வெட்டிக்கொண்டு நின்ற ஒரு கரிய வளைவைக் கண்டார். இன்று குதிரைத்தலை ஒண்முகில் என்று உலகமே கொண்டாடுவது அதைத்தான். 1895-இல் வந்த வானப் பட்டியலோ, ஃபிளெமிங் கண்டறிந்தவற்றை ஆய்வக இயக்குநர் பிக்கரிங்கின் பெயரில் எழுதியது. 1908-இல் வந்த அடுத்த பட்டியல் அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகளை அவர் பெயரில் எழுதியது; குதிரைத்தலைக்கு மட்டும் அந்த அநியாயம் அப்போதும் திருத்தப்படவில்லை.