நடந்த வழியின் ஊர்ப்பெயர்கள்

வன்னியில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் ஊரைத்தான் விசாரிப்பார்கள். தர்மபுரம் என்று நான் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். "அது சரி, பூர்வீகம் எங்கை?" என்று அடுத்த கேள்வி வரும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். காடு வெட்டிக் குடியேறிய ஊர். யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் கலந்து வாழும் ஊர். அங்கே பூர்வீகம் என்ற சொல் ஆளை எடைபோடும் படிக்கல்லாகவும் பயன்படுவதுண்டு. அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தவற்றையே இங்கு சொல்கிறேன்.

என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆண்டும் மாதமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இடங்கள். "மூத்தவ பழைய லயத்துல பொறந்தவ. நடுவுள்ளவன் ஆத்தோரக் கணக்குல. ஒங்கப்பன் புது லயத்துல, மண்சரிவு வந்த வருசம்" என்பாள். கணக்கு என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு. பிள்ளைகளை வயதால் அல்ல, பெற்ற இடத்தால் எண்ணினாள். நாம் ஏட்டில் எழுதும் வம்சாவளியை அவள் லயங்களின் வரிசையாக மனதில் வைத்திருந்தாள்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. துரைமாரின் பதிவேட்டில் தோட்டத்துக்கு ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறு பெயர். கங்காணியின் பெயராலோ, ஆற்றின் பெயராலோ, நெடுங்காலம் இருந்த துரையின் பெயராலோ அவர்கள் அதை அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சான படத்தை விரித்துவைத்துக்கொண்டு அப்பாயியின் ஊர்களைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், பதுளைப் பகுதியில் தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். தோட்டத்துப் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு இலக்கியத்துக்குள் நடந்தது சிறிய காரியம் அல்ல என்றே நான் கருதுகிறேன்.

சரி, இந்தப் பெயர்கள் எதற்கு? 1948-ஆம் ஆண்டு அதற்கு விடை சொன்னது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவரிடம்கூட, உன் தகப்பன் இந்நாட்டில் பிறந்தவனா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. குடும்ப வரலாறு அன்றைக்குச் சட்டக் கேள்வியாகிவிட்டது. என் தாத்தாவின் தகப்பனார் இங்கேதான் பிறந்தார். எந்த லயத்தில், எத்தனையாவது காம்பராவில் என்றுகூட அப்பாயி சொல்லுவாள். ஆனால் அது தோட்டத்துப் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலம். லயம் இருந்தது, தாள் இல்லை.

1949-இல் வந்த அடுத்த சட்டம், தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பதியலாம் என்றது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குப் போனபோது கொடுத்த 'துண்டு' ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதிலும் எழுதியவர் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்.

தாத்தாவின் பாட்டனார் கோப்பிக் காலத்தவர். முசிறிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தவர். அந்த வழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914-இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நடை முடிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு மண்டபம் முகாம் வாசலாயிற்று.

மண்டபம் என்ற அந்த ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயியின் சித்தப்பா 1920-களில் அங்கே நோய்ச் சோதனைக்காக அடைக்கப்பட்டு, பிறகு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அதன்படி எழுபதுகளில் அப்பாயியின் தங்கை அதே மண்டபத்தில் இறங்கினாள். கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறுபடியும் ஒரு லயம். அங்குள்ளவர்களுக்கு அவள் 'சிலோன்காரி'. 1990-இல் என் மைத்துனன் அகதியாகப் படகேறிப் போனபோதும் அவனைப் பதிந்தது மண்டபத்திலேதான். வருவதற்கும் போவதற்கும் ஒரே படலை!

நாங்கள் வன்னிக்கு வந்தது 1977-இல். அதற்கு முன்பே, 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி கிடந்தவர்கள் பலர் வடக்கே இறங்கியிருந்தார்கள். அக்காலத்தில் இறக்குமதித் தடையால் மிளகாய்க்கு நல்ல விலை. விசுவமடு, முத்தையன்கட்டுத் திட்டங்களில் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. 77 ஆவணிக் கலவரத்தில் லயம் எரிந்தபின் எங்களுக்கும் வேறு வழியில்லை. தாத்தா முதலில் மற்றவர் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தார். பிறகு காடு வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு தோண்டினார். ஊருக்குள் சிலர் எங்களைத் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். மண்வெட்டிக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. பல ஆண்டுகள் அலைந்து காணிக்கு அனுமதிப்பத்திரம் வாங்கினார். அவர் பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்ட முதல் அரசாங்கத் தாள் அதுதான்.

2009 தை மாதம் தர்மபுரமும் கிளம்பியது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி எங்களூருக்கு இடம்பெயர்ந்து வந்து, எங்களூரையும் விட்டுப் போயிற்று. நாங்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் போய்ச் சேர்ந்தோம். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதி செட்டிகுளத்துக்கூடாகத்தான் போகிறது. தாத்தாவின் பாட்டனார் கோப்பிக்காட்டைத் தேடி நடந்த திசையில், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து, முள்ளுக்கம்பிக்குள் அவருடைய ஆறாம் தலைமுறை தண்ணீருக்கு வரிசையில் நின்றது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம். வீட்டில் கூரையில்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. அதை இறைத்துத் துப்புரவாக்க நாலு நாள் பிடித்தது. முள்ளிவாய்க்கால்வரை அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போன பொலித்தீன் பையில் இரண்டே தாள்கள் இருந்தன. ஒன்று காணி அனுமதிப்பத்திரம். மற்றது தாத்தாவின் பெயர் பிழையாக எழுதப்பட்ட அந்தத் தோட்டத்துத் துண்டு.