டர்பன் அலைச்சறுக்குப் போட்டியும் கடற்கரை உரிமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அலைச்சறுக்குப் போட்டி, உலகில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் தொழில்முறைப் போட்டிகளுள் ஒன்றாகும். சிகரெட் வணிகப் பெயரொன்றைத் தாங்கிக் ‘கன்ஸ்டன் 500’ என வழங்கிய இப்போட்டி, 1976இல் உலகத் தொழில்முறைச் சுற்று உருவானபோது அதனுள் இடம்பெற்றது. டர்பனைச் சேர்ந்த ஷான் டாம்சன் 1973 முதல் 1978 வரை தொடர்ந்து ஆறு முறை இதில் வென்றார். 1977இல் உலக வெற்றியாளரும் ஆனார். விளையாட்டு வரலாறுகள் பெரும்பாலும் இத்தகைய வெற்றிப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. போட்டி நடந்த மணற்பரப்பில் நிற்கும் உரிமை எவர்க்கு இருந்தது என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்க வழிவகுத்தது. பிரிக்கப்படும் வசதிகள் சமமாக இருத்தல் வேண்டுவதில்லை என்றும் அது வெளிப்படையாகவே கூறியது. டர்பன் கடற்கரையும் இதற்கு விலக்கன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர் முதன்முதலாக வந்திறங்கியது இந்நகரின் துறைமுகத்தில்தான். அவர்தம் வழித்தோன்றல்களுக்கோ, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும், இந்தியர்க்கென ஒதுக்கப்பட்ட பகுதியே உரியதாயிற்று. கடல்வழி வந்த மக்களுக்குக் கடற்கரையே அளந்து கொடுக்கப்பட்டது எனலாம்.

இவ்வொதுக்கல் அயல்நாட்டு விருந்தினரையும் விட்டுவைக்கவில்லை. 1972இல் போட்டியிட வந்த ஹவாய்ப் பழங்குடி வீரர் எடி ஐகாவ், தம் தோல் நிறங்காரணமாக விடுதியில் தங்க மறுக்கப்பட்டார். டாம்சன் குடும்பத்தினரே அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தனர். அழைக்கப்பட்ட விளையாட்டு வீரருக்கே இந்நிலை எனின், அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தாரும் இந்தியரும் அடைந்த நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1985இல், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் உலக வெற்றியாளராகத் திகழ்ந்த ஆஸ்திரேலியர் டாம் கேரல், தென்னாப்பிரிக்கப் போட்டிகளைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். டாம் கரன், மார்ட்டின் பாட்டர் முதலியோரும் அவருடன் இணைந்தனர். தரவரிசைப் புள்ளிகளையும் பரிசுப் பணத்தையும் இழக்க நேரும் என்பதை அறிந்தே அவர்கள் இம்முடிவை மேற்கொண்டனர். எனினும், போட்டி நின்றுவிடவில்லை. அமைப்பு செய்யத் தயங்கியதைத் தனிமனிதர் சிலர் செய்தனர் என்பதே இங்கு நினைத்தற்குரியது.

1989 நவம்பரில் அதிபர் டி கிளர்க் கடற்கரைகளை அனைத்தினத்தார்க்கும் திறந்துவிடுமாறு அறிவித்தார்; 1990இல் மேற்கூறிய சட்டமும் நீக்கப்பட்டது. போட்டி பின்னர் டர்பனுக்கு வடக்கேயுள்ள பலீட்டோவுக்கு இடம்பெயர்ந்து, இசை நிகழ்ச்சிகளோடு கூடிய கடற்கரை விழாவாக வளர்ந்தது.

எனவே, இப்போட்டியின் வரலாற்றை எழுதுவோர் அலைமீது நின்றவரை மட்டுமன்றி, கரையில் நிற்கவும் இடம்பெறாதவரையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். அவர்களின் பெயர்கள் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அப்பட்டியலின் பொருளை அவர்களின்றி முழுமையாக உணர இயலாது.