ஒற்றை உலை: தமிழகத்தில் தனியே சமைத்து உண்டதன் வரலாறு

தமிழ் அறநூல்கள் தனித்து உண்பவரை மன்னிப்பதில்லை. ஈகை அதிகாரத்தில் வரும் 229ஆம் குறள், பொருளைப் பெருக்க எண்ணித் தானே தனித்து உண்பது இரப்பதைவிடக் கொடியது என்கிறது. புறநானூற்றின் 182ஆம் பாட்டைப் பாடிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, உலகம் யாரால் நிலைத்திருக்கிறது என்று எண்ணும்போது, அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களைத்தான் முதலில் நினைக்கிறார். ஆனால் இந்தக் கண்டனம் வாசலில் பசித்தவர் நிற்கையில் கதவைச் சாத்துகிறவர் மீதானது. பகிர ஆளில்லாத அறையில் ஒரு பிடி அரிசியைக் களைந்து உலையிடுகிறவரைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. அவரைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

தனித்து உண்பது தமிழகத்தில் மிகப் பழையது. தனக்கென்று, தன் நாவின் விருப்பப்படி, தனியே சமைத்துக்கொள்வது மிகப் புதியது. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவைக் கடக்க மனமாற்றம் மட்டும் போதவில்லை. அதற்கேற்ற அடுப்பும் எரிபொருளும் பூட்டிக்கொள்ள ஓர் அறையும் தேவைப்பட்டன.

பழைய தனியுணவுக்குச் சான்று வேண்டுமென்றால் கைம்பெண்களின் இலையைப் பார்க்கலாம். பாண்டிய மன்னன் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியதாக உள்ள 246ஆம் புறப்பாட்டில், நெய் தீண்டாமல், பிழிந்தெடுத்த நீர்ச்சோற்றை எள்ளுத் துவையலோடும் புளியிட்டு வெந்த வேளைக்கீரையோடும் உண்ணும் கைம்மை வாழ்வு வருகிறது. அதைவிடக் கணவனின் ஈமத்தீயே மேல் என்று அவர் துணிகிறார். 248ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் நேரம் தவறி அல்லியரிசியை உண்கிறாள். ஊரே கூடி உண்ணும் பெருஞ்சோற்றைப் புகழ்ந்த இலக்கியம், இந்தத் தனிமையையும் பதிந்து வைத்திருப்பது அதன் நேர்மை. பிற்காலத்தில் சுமங்கலிகளின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை. எல்லாரும் உண்டு எழுந்தபின், அடுப்படியில், அடிச்சோறும் மிச்சக் குழம்புமாக உட்கார்ந்தவள் நாள்தோறும் தனியேதான் உண்டாள். அவள் சமைத்தது பத்துப் பேருக்கு. தான் உண்டது மீந்ததை. தனியுணவின் வரலாற்றைச் சென்னையின் மேன்ஷன் விடுதிவாசிகளிலிருந்து தொடங்குவோர் இந்தப் பெருங்கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆண்களின் தனிச் சமையல் வேறு வழியில் வந்தது. சாதி ஆசாரம் அதன் தாய். பிறர் கைபட்டதை உண்ணாதவர் பயணத்தில் சுயம்பாகம் செய்துகொண்டார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பற்றி 1801இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம், எல்லாச் சாதிப் பயணிகளுக்கும் அங்கே சோறு வழங்கப்பட்டதைச் சொல்கிறது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் கொடுக்கப்பட்டன என்றும் கூறுகிறது. மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, மண்சட்டியில் பொங்கிய அந்தச் சோற்றில் ருசியும் இருந்திருக்கலாம். ஆயினும் அங்கே ஒருவர் தனியே சமைத்தது தன் கூட்டத்தின் விதியை விட்டு விலகாதிருக்கத்தான். தனிமனித விருப்பம் என்று அதைச் சொல்ல முடியாது.

இந்த வழக்கம் கடல் கடந்து போனபோது என்ன ஆனது என்பதற்கு நமக்கு ஓர் அரிய சான்று உண்டு: கணித மேதை ராமானுஜன். 1914 ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்த அவர், சில வாரங்களில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வியூவெல்ஸ் கோர்ட்டில் குடியேறினார். கல்லூரி உணவுக்கூடத்தில் அவர் உண்ணவில்லை. தம் உணவைத் தாமே சமைத்தார். சமைக்கும் முன் கட்டாயம் பைஜாமாவுக்கு மாறிக்கொள்வார் என்று அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டி பதிந்திருக்கிறார். ஹார்டிக்கு அது ஒரு விசித்திரம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்கு அது மடி என்னும் ஆசாரத் தூய்மை. 1915 தொடக்கத்தில் ஊரிலிருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டவை கொட்டை நீக்கிய நல்ல புளியும் தேங்காயெண்ணெயும். ரசத்துக்கு எது இன்றியமையாதது என்று அறிந்தவரின் பட்டியல் அது.

புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ் சொன்ன நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. 1914 டிசம்பரில் அவர் ராமானுஜனின் அறைக்குச் சென்றபோது இவர் வாணலியில் காய்களைக் கிளறிக்கொண்டிருந்தார். மகலநோபிஸ் ஸ்ட்ராண்ட் இதழிலிருந்து ஒரு புதிரை வாசித்தார். ஒரு தெருவில் 50க்கும் 500க்கும் இடையில் வீடுகள்; ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடு எது? கரண்டியைக் கீழே வைக்காமலே ராமானுஜன், அப்புதிருக்கு மட்டுமல்லாமல் அவ்வகைப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் விடை தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொன்னார். (288 வீடுகளில் 204ஆம் வீடு என்பது கேட்ட புதிருக்கான விடை.) கணித வரலாற்றாளர்கள் இதில் தொடர்பின்னத்தைப் பார்க்கிறார்கள். சமையல் வரலாற்றை எழுதுகிறவன் வாணலியையும் பார்க்க வேண்டும். தனியே சமைப்பவரின் கை வேலையில் இருக்க, மனம் தன் போக்கில் போகிறது. கூட்டுக் குடும்பத்து அடுப்படியில் கிடைக்காத இந்த ஓய்வு ஒரு தமிழரின் வாழ்வில் பதிவாகியிருக்கும் மிகத் தெளிவான இடங்களுள் இது ஒன்று.

ஆனாலும் அவருக்குத் தனியே உண்பது மட்டும் போதவில்லை. நண்பர்களை அழைத்து ரசம் பரிமாறினார். ஒருமுறை விருந்தினரான பெண்கள் மறுபடி பரிமாறுவதைப் போதுமென்று மறுக்க, மனம் புண்பட்டு, சொல்லாமல் கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலேறிவிட்டார். 182ஆம் புறப்பாட்டின் அறம் அந்த அறையிலும் இருந்தது என்றே நான் படிக்கிறேன். பின்னர் போர்க்காலத் தட்டுப்பாடும் ஒழுங்கற்ற உணவும், 1917இல் தொடங்கிய நோயும் அவரை வீழ்த்தின. தனிச் சமையலுக்கு இந்த முகமும் உண்டு. உடம்பு படுத்துவிட்டால் உலை வைக்க ஆளில்லை.

ராமானுஜனுக்குக் கால் நூற்றாண்டு முன்பு அதே நாட்டில் காந்தியும் ஓர் அறை, ஓர் அடுப்பு என்று வாழ்ந்தார். ஆனால் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவுமாக நாவைச் சுருக்கிக்கொண்டார். ராமானுஜனோ புளியைக் கேட்டு எழுதினார். பிற்காலத் தமிழ்த் தனியர்கள் பெரும்பாலும் ராமானுஜன் கட்சி.

இனி அடுப்பு. விறகடுப்பு ஒருவருக்குப் பொருந்தாதது. ஊதவும் தள்ளவும் கூடவே ஆள் இருக்க வேண்டும், புகை போக்கியில்லாத வாடகை அறையில் அது நடவாது. 1892இல் சுவீடனில் உருவான பிரைமஸ் வகை பம்ப் ஸ்டவ்வும், அதன்பின் பரவிய திரி ஸ்டவ்வும் சமையலைக் கொல்லைப்புறத்திலிருந்து கட்டிலடிக்குக் கொண்டுவந்தன. 1910இல் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக் இக்மிக் குக்கரைக் கண்டுபிடித்தார். அடுக்குப் பாத்திரங்களில் அரிசி, பருப்பு, காய், அடியில் கரித்தணல். ஏற்றிவைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். அதே அமைப்பு நம் பக்கத்தில் ருக்மிணி குக்கர் என்ற பெயரில் புழங்கியது. 1959இல் பிரஷர் குக்கர் உற்பத்தி இந்தியாவில் தொடங்கியது. விசில் எண்ணத் தெரிந்தவரெல்லாம் சோறு வடிக்கத் தெரியாமலே சோறு பொங்கினர். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்ததும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது. மாமியாரோ அம்மாவோ அருகில் இல்லாதவருக்கும் அளவு சொல்லிக் கொடுக்க ஒரு குரல் அச்சில் கிடைத்தது.

கருவி வந்தும் அறை இடம் கொடுக்கவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பலவற்றில் அறைக்குள் சமைக்கக் கூடாது. எனவே மெஸ்கள் செழித்தன. அங்கே உண்டவர் எதிரிலும் பக்கத்திலும் ஆளிருக்கத் தனியே உண்டார். பேச்சற்ற, விரைவான, டோக்கன் கொடுத்து இலை பிடிக்கும் உணவு. திருட்டுத்தனமாகத் திரி ஸ்டவ் வைத்தவருக்கோ மண்ணெண்ணெய்ச் சிக்கல். குடும்ப அட்டை என்ற பெயரே சொல்வதுபோல ரேஷன் குடும்பத்துக்கானது. தனியர் கூடுதல் விலைக்கு வெளியில் வாங்கினார். அரசின் அளவுகோல்களில் ஒற்றையாள் அடுப்புக்கு நெடுங்காலம் இடமே இல்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கும் முகவரிச் சான்று வேண்டியிருந்தது. முகவரிச் சான்று கேட்காமல் பெட்ரோல் பங்குகளில் 5 கிலோ சிலிண்டர் விற்கத் தொடங்கியது 2013இல்தான். சமையல் நூல்கள் இந்த ஆண்டைக் குறிப்பதில்லை. ஆனால் அறை எடுத்துத் தங்கியவர்களின் அடுப்பை மாற்றியதில் அதற்கு எந்தச் சமையல் நூலுக்கும் குறையாத பங்குண்டு.

உணவின் அமைப்பே இதில் மாறியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல் என்ற வரிசை பல வாய்களை எண்ணி வகுக்கப்பட்டது. ஒருவருக்குச் சாம்பார் வைப்பது மிகக் கடினம். பருப்பைக் குறைக்கலாம், புளியைக் குறைக்கலாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வெங்காயமும் சேர்ந்தால் குழம்பு தானே மூவருக்கு ஆகிவிடும். தாளிப்பும் கணக்குப்படி சுருங்காது. கால் கரண்டி எண்ணெயில் கடுகு வெடிப்பதற்குள் உளுந்து கருகும். ஆகவே தனியர் வரிசையைக் கலைத்தார். நாள்பட நிற்பவை முன்னுக்கு வந்தன: வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், தொக்கு, பருப்புப்பொடி, எள்ளுப்பொடி. சூடான சோறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், பொடி, சுட்ட அப்பளம். ஒரே தட்டில் உணவு முடிந்தது. ஒரு தக்காளி, ஒரு பல் பூண்டு, நாலு மிளகு தட்டிப்போட்டு ஒரு டம்ளர் ரசம் வைப்பது தனிக்கலை. நுரைகட்டும் கணத்தில் இறக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, கவனத்தைக் கலைப்பவர் யாரும் இல்லாதிருப்பது பெரிய பேறு. 1983இல் வந்த மேகி நூடுல்ஸ் இந்த ஒற்றைத் தட்டுக்கு விரைவைக் கொடுத்தது, அவ்வளவே. அந்தத் தட்டு அதற்கு முன்பே இருந்தது.

பெண்களுக்கு இந்தத் தட்டு மிகத் தாமதமாக வந்தது. எழுத்தாளர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் தொகுப்பாக வந்தபோதும், சமையலறை பெண்ணின் ஆட்சிக்களமாகவும் அவளை அடைத்த மூலையாகவுமே பேசப்பட்டது. தன் பசிக்கு மட்டும் அங்கே நின்று சமைக்கும் பெண் அபூர்வம். மகளிர் விடுதிகள் உணவு நேரத்தை மணியடித்துக் காத்தன. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களுக்கு வந்த பெண்கள் இருவர் மூவராக வீடு பிடித்து, பிறகு தனித்தனியாகவும் வாடகைக்கு எடுத்தபோது, பிறர் ருசிக்கு உப்பிடாத சமையல் ஒன்று தொடங்கியது. அதே காலத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவரும் மறைந்தபின் ஊர் வீட்டில் தனித்திருக்கும் முதிய பெண்களும் பெருகினர். நாற்பது ஐம்பது ஆண்டுகள் கணவருக்குப் பிடித்த காரத்தில் சமைத்தவர்கள், தமக்கு எந்தக் காரம் பிடிக்கும் என்பதை எழுபது வயதில் கண்டுபிடிக்கிறார்கள். பூண்டு சேராத வீட்டில் பூண்டு நுழைகிறது. சிலர் மூன்று வேளையை இரண்டாக்குகிறார்கள். இரவுக்கு அரை டம்ளர் ரவையில் உப்புமா கிளறிச் சட்டியோடு உண்கிறார்கள். பெருங்கோப்பெண்டின் இலையில் நெய்யைத் தடுத்த கை இங்கே இல்லை. இவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவை நிறைய உள்ளன: கடைசியாக எப்போது உலையைக் குறைத்தார்கள், பெரிய வெண்கலப்பானையை எந்த ஆண்டு பரணில் ஏற்றினார்கள், அதற்குப் பதில் எத்தனை லிட்டர் குக்கர் வாங்கினார்கள், முதல்முறை தமக்கென்று மட்டும் என்ன சமைத்தார்கள்.