சாம்பியன் அணி எங்கே போச்சு? பெண்கள் ஹாக்கி லீக்கின் முதல் இரண்டு சீசன்

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கேட்டது எங்க சித்தி.

2025 ஜனவரி 26, குடியரசு தினம். வண்ணார்பேட்டையில சித்தி வீட்டுல உட்கார்ந்து போன்ல மேட்ச் பார்த்துட்டு இருந்தேன். ராஞ்சியில் பெண்கள் ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் சீசன் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஒடிசா வாரியர்ஸ், இன்னொரு பக்கம் சூர்மா ஹாக்கி கிளப். அடுப்படியில இருந்து ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்த சித்தி கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுக் கேட்டாங்க: “ஏட்டி, இதுல நம்ம டீம் எதுட்டீ?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா நம்ம டீம்னு ஒண்ணு அதுல இல்லை.

சித்தி பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஹாக்கி ஆடினவங்க. ரைட் ஹாஃப். 2005-ல் பிளஸ் டூ முடிச்சாங்க, மட்டை பரணுக்குப் போயிடுச்சு. அவங்க யாரையும் குறை சொல்ல மாட்டாங்க. “அதுக்கு மேல எங்க போய் ஆட?”ன்னு மட்டும் கேட்பாங்க. அது நியாயமான கேள்விதான். அதே 2005-ல்தான் பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பமாச்சு. சென்னை வீரன்ஸ்னு நம்ம மாநிலத்து அணியும் அதுல இருந்துச்சு, டிவியில எல்லாம் காட்டினாங்க. முழுக்க ஆண்கள். அது 2008-ல் நின்னுபோச்சு. பிறகு 2013-ல் ஹாக்கி இந்தியா லீக் வந்தது. 2017 வரைக்கும் ஐந்து சீசன் நடந்தது, அதுவும் ஆண்களுக்கு மட்டும்.

இந்தக் காலத்தில் பெண்கள் ஹாக்கி சும்மா இருந்ததா? இல்லவே இல்லை. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் ஜெயிச்சாங்க. ‘சக் தே இந்தியா’ படத்துக்குப் பின்னால் இருந்தது அந்த வெற்றிதான். 36 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2016-ல் ஒலிம்பிக்குக்குப் போனாங்க. டோக்கியோவில் நாலாவது இடம், வெண்கலப் போட்டியில் பிரிட்டனிடம் 4-3 என்று தோல்வி. அந்தக் காலையில அழுத சவிதா புனியாவோட முகம் நிறைய பேருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஆக, திறமை இல்லாததால் லீக் வரலைன்னு யாரும் சொல்ல முடியாது.

இப்போ ராஞ்சிக்கு வருவோம். இந்தக் கதையில் ஒரு மைதானம் திரும்பத் திரும்ப வரும். பெயர் மராங் கோம்கே ஜெய்பால் சிங் மைதானம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கின ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர் அது. பிறகு அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களுக்காகப் பேசியவர். அவரைப் பற்றித் தனியா ஒரு எபிசோடே போடலாம், கண்டிப்பா போடுவோம்.

2023 நவம்பரில் அந்த மைதானத்தில் இந்தியப் பெண்கள் அணி ஜப்பானை 4-0 என்று அடிச்சு ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை ஜெயிச்சது. பயிற்சியாளர் யானெக் ஸ்கோப்மன். நெதர்லாந்துக்காரர், 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். ரெண்டரை மாசம் கழிச்சு, 2024 ஜனவரி 19. அதே மைதானம், அதே ஜப்பான். ஜெயிச்சா பாரிஸ் ஒலிம்பிக், தோத்தா வீடு. 0-1. இந்தியா தோத்துப்போச்சு.

அடுத்த மாசம் ஸ்கோப்மன் பத்திரிகையாளர்களிடம் மனம் திறந்து பேசினார். ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் மதிப்பு தனக்குக் கிடைக்கலைன்னும், இந்த வேலையில் ரொம்பத் தனியா உணர்ந்ததாகவும் சொன்னார். ஹாக்கி இந்தியா அதை மறுத்தது. சில நாளில் அவர் பதவியை விட்டுப் போயிட்டார். ஒலிம்பிக் வாய்ப்பும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பெண்கள் லீக் பிறந்த வருஷம் இப்படித்தான் ஆரம்பிச்சது.

2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வருது, இந்தத் தடவை பெண்களுக்கும் உண்டு. ஆண்களுக்கு 8 அணி, பெண்களுக்கு 6 அணி என்று திட்டம். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணிகள் ஒவ்வொண்ணும் 4 கோடி ரூபாய் வரை செலவு பண்ணலாம், பெண்கள் அணிகள் 2 கோடி வரை. உதிதா துஹானை ராட் பெங்கால் டைகர்ஸ் 32 லட்சத்துக்கு எடுத்தது. பெண்கள் ஏலத்தில் அதுதான் உச்சம். ஆண்களில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம். பாதிக்கும் கீழேதான். ஆனா பூஜ்யத்தில் இருந்து 32 லட்சத்துக்கு வந்த தூரத்தையும் பார்க்கணும். சித்தி காலத்துல ஒரு பொண்ணு ஹாக்கி ஆடிக் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அதுவும் ஆயிரத்துல ஒருத்திக்கு.

ஆறு அணி என்று சொன்னாங்களே, சீசன் ஆரம்பிக்கும்போது இருந்தது நாலுதான். டெல்லி, ஒடிசா, சூர்மா, வங்காளத்தின் ராட் பெங்கால் டைகர்ஸ். மீதி ரெண்டு அணியை வாங்க ஆள் வரலை. 2025 ஜனவரி 12-ல் தொடங்கி ரெண்டு வாரத்தில் எல்லாம் முடிஞ்சது, எல்லா ஆட்டமும் ராஞ்சியிலேயே.

ராஞ்சியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுன்னுதான் நினைக்கிறேன். சிம்டேகா, குந்தி மாவட்டக் கிராமங்களில் பொண்ணுங்க மூங்கில் கட்டையை வளைச்சு மட்டையாக்கி ஆடிப் பழகுறாங்க. சூர்மா அணியில் ஆடிய சலீமா டெடே சிம்டேகாவிலிருந்து வந்தவர், இந்திய அணியின் கேப்டன். அந்த ஊர் ஜனங்களுக்கு ‘நம்ம டீம் எது’ என்ற குழப்பமே இல்லை. நம்ம பொண்ணு ஆடுற டீம்தான் நம்ம டீம்.

இறுதிப் போட்டியில் ஒடிசா வாரியர்ஸ் 2-1 என்று ஜெயிச்சது. ரெண்டு கோலும் மகாராஷ்டிரத்தின் ருதுஜா பிசல் போட்டது. ரெண்டாவது கோல் கடைசி கால்பகுதியில் வந்தது. ஒடிசாவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? யானெக் ஸ்கோப்மன். ஒரு வருஷம், ஒரு வாரம் முன்னாடி எந்தப் புல்தரையில் பாரிஸ் கனவு உடைஞ்சதோ, அதே புல்தரையில் முதல் லீக் கோப்பை. இதை ஒரு சினிமாவில் வெச்சா ‘ரொம்ப ஓவர்’னு சொல்லுவோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கனடா பக்கம் போயிட்டு வரணும். நம்ம ஹாக்கி புல்தரையில, அவங்களது ஐஸ் மேல. ஆனா பெண்கள் லீக்குன்னு வந்தா அவங்க நமக்கு முன்னாடியே எல்லா அடியும் வாங்கினவங்க. 2007-ல் கனடியப் பெண்கள் ஹாக்கி லீக் தொடங்கினாங்க. பல வருஷம் சம்பளமே கிடையாது. பகல்ல வேலைக்குப் போயிட்டு, ராத்திரி பயிற்சி. 2015-ல் அமெரிக்காவில் இன்னொரு லீக், முதல் தடவையா சம்பளம் கொடுத்தது. அடுத்த சீசனிலேயே நடுவில் சம்பளத்தை வெட்டிட்டாங்க. 2019-ல் கனடா லீக் மூடியே போச்சு.

அப்போ வீராங்கனைகள் செஞ்ச காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 200-க்கும் மேல் பேர் சேர்ந்து, இனி வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஒழுங்கான லீக் வந்தாதான் ஆட்டம். ஊர் ஊராப் போய்க் காட்சிப் போட்டி ஆடினாங்க. 2023-ல் பிடபிள்யூஹெச்எல் என்ற புது லீக் அமைஞ்சது. முதல் பந்தயம் நடக்கிறதுக்கு முன்னாடி, ஏன், வீராங்கனைகளை அணிகளுக்குப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, வீராங்கனைகளின் சங்கத்தோட 2031 வரைக்கும் ஒப்பந்தம் போட்டாச்சு. சம்பளம் எழுத்தில் இருந்தது. ஆறு அணிக்கும் ஒரே முதலாளி, அதனால ஒரு அணி மட்டும் கழண்டு ஓட முடியாது. 2024 ஜனவரி 1-ல் ஆட்டம் தொடங்கியபோது அணிகளுக்குப் பட்டப்பெயர் கூட வைக்கலை, வெறும் ஊர்ப் பெயர்தான். சட்டையில் என்ன படம் போடணும்னு முடிவாகலை, சம்பளம் முடிவாயிருந்தது! அந்த ஏப்ரலில் மாண்ட்ரியலில் ஒரு ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தாங்க.

நம்ம லீக்கில் இது தலைகீழ். பெயர், சின்னம், சட்டை, பாட்டு எல்லாம் முதல்லயே தயார். அடுத்த வருஷம் அணி இருக்குமா என்பதுதான் எழுத்தில் இல்லை.

ரெண்டாவது சீசன் 2025 டிசம்பர் 28-ல் தொடங்கினது, மறுபடியும் ராஞ்சியில். பட்டியலைப் பார்த்தேன். நாலு அணி. அதில் ஒடிசா வாரியர்ஸ் இல்லை. முதல் கோப்பையை ஜெயிச்ச அணி, கோப்பையைக் காப்பாத்தக்கூட வரலை. அந்த இடத்தில் ராஞ்சி ராயல்ஸ் என்று புது அணி. ருதுஜாவோட ரெண்டு கோலைக் கொண்டாடிய ரசிகர் பதினொரு மாசத்தில் வேற அணியைத் தேடணும். வீராங்கனைகளுக்கு வேற இடம் கிடைக்கும், சரி. ஆனா லீக்கு என்பது ஞாபகத்தால் நிற்கிற விஷயம். ‘போன வருஷம் எங்களைத் தோக்கடிச்சியே’ன்னு சொல்ல ரெண்டு பேர் வேணும்.

இதைச் சொல்லும்போது நம்ம பக்கத்தையும் பார்க்கணும். நெல்லைச் சீமையில் ஹாக்கி என்றாலே கோவில்பட்டி. 1986 வரைக்கும் நம்ம ஜில்லாதான் அது. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் போல ஹாக்கியும் அந்த ஊர்ச் சரக்கு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுக்க இருந்து ஆண்கள் அணிகள் வரும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் ஜெயிச்ச இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம்னு ரெண்டு பேர் ஆடினாங்க, ரெண்டு பேருமே கோவில்பட்டி விடுதியில் வளர்ந்தவங்க. ஒரு ஊர்ல விடுதி, புல்தரை, வருஷா வருஷம் ஒரு போட்டி, இது மூணும் இருந்தா என்ன நடக்கும்னு காட்டின ஊர் அது. பசங்களுக்குக் காட்டிச்சு.

லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லாமலும் இல்லை. ஆண்கள் பிரிவில் தமிழ்நாடு டிராகன்ஸ் இருக்கு. ஒரே முதலாளி ரெண்டு அணியும் வெச்சிருக்கிறது இந்த லீக்கில் புதுசும் இல்லை. டெல்லி பைப்பர்ஸுக்கும் சூர்மாவுக்கும் ஆண்கள், பெண்கள் ரெண்டு அணியும் உண்டு. ஆளில்லாமப் போன அந்த ரெண்டு இடத்தில் ஒண்ணு தமிழ்நாட்டுடையதா இருந்திருக்கலாம். அதைக் கேட்கிற குரல் இங்கே பெருசா எழலை என்பது என் வருத்தம். மத்தவங்களை விடுங்க, இதே பாட்காஸ்ட்டில் டிராகன்ஸைப் பற்றிப் பேசினப்போ நானும் அதைக் கேட்கலை.

2026 ஜனவரி 3-ம் தேதி ஆண்கள் லீக் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் தொடங்கினது. டிக்கெட் பார்த்து, ரயில் பார்த்து, சித்தியைக் கூட்டிட்டுப் போகலாம்னு போன் பண்ணினேன். சந்தோஷமாத்தான் கேட்டாங்க. பிறகு, “பொம்பளப் பிள்ளைய ஆட்டம் என்னைக்குட்டீ?” என்றாங்க.

“அது சென்னையில இல்லை சித்தி, ராஞ்சியில. பத்தாம் தேதி ஃபைனல்.”

“அப்போ போன்லதான் பார்க்கணும்.”

பத்தாம் தேதி நான் அவங்க வீட்டுக்குப் போனப்போ போன் ஏற்கெனவே செம்புல சாய்ச்சு நிக்குது. பெங்கால் டைகர்ஸும் எஸ்ஜி பைப்பர்ஸும் சமநிலை, ஷூட்-அவுட் வரைக்கும் போய் பைப்பர்ஸ் ஜெயிச்சது. சித்தி எந்த டீமுக்கும் கத்தலை. ரைட் ஹாஃப் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.